மோட்சமும் கூலியும்

மேலுலகத்தில் தனக்கு ஒரு வீடு உண்டென்று நம்புகிறவன், கீழுலகத்தில் தான் குடியிருக்கும் வீட்டின் ஒழுகுங் கூரையைப் பற்றிக் கவலைப்படுவானா? கிறிஸ்து மதத்தைப் பற்றிப் பேச்செழும் இடங்களிலெல்லாம் சீர்திருத்தக்காரர் ஒருவர் எழுந்து இக்கேள்வியைக் கேட்பார். கேட்டவுடன் தாமே விடையுஞ் சொல்லி உட்கார்ந்துவிடுவார். கவலைப்பட மாட்டான் என்பதே அவர் விடை. மோட்சம் என்பது ஏழையின் வாயை அடைப்பதற்காகப் பணக்காரன் எழுதிக் கொடுத்த உண்டியல். அதை மாற்றிப் பணமாக்கும் கடை இவ்வுலகில் எங்குமில்லை. ஆகவே அவன் ஏமாந்தான் என்பது வாதம்.

இவ்வாதத்தை நாம் அலட்சியமாய்த் தள்ளிவிடுவதற்கில்லை. மதத்தை ஜனங்களின் அபின் என்று காரல் மார்க்ஸ் 1844-ஆம் ஆண்டில் எழுதியதைப் படித்தவர் பலரும் அறிவர். அதற்கு நான்காண்டுகள் கழித்து, 1848-இல், சார்லஸ் கிங்ஸ்லி என்னும் இங்கிலாந்துத் திருச்சபைப் பாதிரியார் ஏறக்குறைய அதே குற்றச்சாட்டைத் தம் கூட்டத்தார்மீதே சுமத்தினார் என்பதை அறிந்தவர் சிலரே. அளவுக்கு மிஞ்சிப் பாரமேற்றப்பட்ட விலங்கு பொறுமையாயிருப்பதற்குக் கொடுக்கும் அபின் உருண்டையைப் போல வேத புத்தகத்தைப் பயன்படுத்தி வந்தோம் என்று அவர் தொழிலாளருக்கு எழுதினார். அமெரிக்காவில் ஜோ ஹில் என்னும் தொழிலாளர் இயக்கப் பாட்டுக்காரர் 1911-இல் ஒரு கிறிஸ்தவக் கீர்த்தனையின் மெட்டை எடுத்துக்கொண்டு, பசித்தவனைச் செத்த பின் சாப்பிடச் சொல்லும் உபதேசியாரைக் கேலி செய்து பாடினார். அபினைக் கண்ணால் கண்ட மலாய் நாட்டுத் தமிழருக்கு அவ்வுவமையின் கடுமையை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

ஆயினும் மேடையில் சொல்லிவிட்ட விடையோடு நாம் நின்றுவிட விரும்பவில்லை. ஒரு நம்பிக்கை மனிதனை என்ன செய்கிறது என்பதைத் தர்க்கத்தால் மட்டும் தீர்க்க இயலாது. அது அன்றாட வேலையோடும், சோற்றோடும், சாட்டையோடும் மோதிய ஓரிடத்தைத் தேடிப் பார்த்தல் வேண்டும். அத்தகைய இடம் ஒன்று உண்டு. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷாரின் ஆளுகையிலிருந்த மேற்கிந்தியத் தீவுகளும், அவற்றை அடுத்த தென்னமெரிக்கக் கரையுமே அவ்விடம். அங்கே கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க அடிமைகள் வேலை செய்தனர். துரையும் தோட்டமும், விடியற்காலையில் ஆளெண்ணிக் கணக்கெடுப்பதும் நம் வாசகர்களுக்குப் பழக்கமான சங்கதிகள். ஆதலால் நாம் சொல்லப்போவது அவர்களுக்கு அயல்நாட்டுக் கதையாகத் தோன்றாது.

முதலாவது, அந்நம்பிக்கைதான் யாது? செத்தபின் ஆவி மேலே பறந்து போய்ச் சிறகு முளைத்து யாழ் வாசிப்பதே மோட்சமென்று கிறிஸ்தவர் அல்லாதாரும், கிறிஸ்தவரிற் பலருங்கூட எண்ணியிருக்கின்றனர். அவர்களுடைய வேதத்தைத் திறந்து பார்த்தால் விஷயம் அவ்வளவு மென்மையாக இல்லை. மத்தேயு எழுதிய சுவிசேஷத்தில் கடைசி நியாயத்தீர்ப்பைப் பற்றி வரும் பகுதியில், எந்தச் சபையைச் சேர்ந்தாய் என்ற கேள்வி இல்லை. பசித்தவனுக்குச் சோறிட்டாயா, துணியில்லாதவனுக்குத் துணி கொடுத்தாயா, சிறையிலிருந்தவனைப் போய்ப் பார்த்தாயா என்பதே கேள்வி. லூக்காவின் சுவிசேஷத்தில் லாசரு என்னும் பிச்சைக்காரன் ஒரு பணக்காரன் வாசலிற் கிடக்கிறான். பணக்காரன் அவனை அடித்ததாகவோ விரட்டியதாகவோ கதையில் ஒரு சொல்லும் இல்லை. அவன் கிடந்தான், இவன் உண்டான், அவ்வளவே. நரகத்துக்குப் போக அது போதுமானதாயிருந்தது. இயேசு கற்பித்த ஜெபமும் எங்களை மேலே தூக்கிக்கொள்ளும் என்று கேட்கவில்லை. மேலுள்ள ஒழுங்கு கீழே வந்து நடைபெற வேண்டுமென்றே கேட்கிறது.

மோட்சத்தைப் பற்றி அதிகமாய்ப் பேசும் புத்தகம் கடைசியிலுள்ள வெளிப்படுத்தின விசேஷம். அதன் முடிவில் மனிதர் மேலே ஏறிப் போவதில்லை, பரிசுத்த நகரம் கீழே இறங்கி வருகிறது. அதற்குச் சில அதிகாரங்கள் முன்னே, பாபிலோன் என்னும் செல்வ நகரம் அழியக் கண்டு வியாபாரிகள் ஒப்பாரி வைக்கும் காட்சி ஒன்று உண்டு. தம் சரக்கை வாங்க இனி ஆளில்லையே என்பது அவர்கள் அழுகை. பொன், வெள்ளி, பட்டு, தந்தம், எண்ணெய், மாவு என்று நீண்டு செல்லும் அச்சரக்குப் பட்டியலின் கடைசியில் மனிதர்களும் விற்பனைப் பொருளாக எண்ணப்படுகின்றனர். மோட்சத்தைச் சொல்லும் புத்தகமே ஆள்விற்பனையையும் கணக்கில் வைத்திருக்கிறது. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

1807-ஆம் ஆண்டு லண்டனில் ஒரு வேத புத்தகம் அச்சிடப்பட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளை வாங்கிக் கப்பலேற்றும் வியாபாரத்தை ஆங்கிலப் பார்லிமெண்டு தடைசெய்ததும் அதே ஆண்டிற்றான். மேற்கிந்தியத் தீவுகளிலுள்ள அடிமைகளின் உபயோகத்துக்கென்று, அவர்களைக் கிறிஸ்தவராக்கும் சங்கம் ஒன்றின் பொருட்டு அப்புத்தகம் வெளிவந்தது. அச்சங்கத்தை நிறுவிய பெய்ல்பி போர்ட்டியஸ் என்னும் அத்தியட்சர் கொடியவரல்லர். அடிமைகளின் துன்பத்தைக் குறித்து 1783-இலேயே துணிந்து பிரசங்கித்தவர். ஆனால் அப்புத்தகம் முழு வேதமன்று. வழக்கமான புராட்டெஸ்டண்டு வேதத்தில் 1,189 அதிகாரங்கள் உண்டு. இதில் 232 மட்டுமே இருந்தன. மோசே என்பவர் அடிமைப்பட்டிருந்த ஜனத்தை எகிப்திலிருந்து வெளியே நடத்திய வரலாறு அதிற் காணோம். களவு செய்யாதே என்னும் கட்டளையடங்கிய பத்துக் கற்பனைகள் மட்டும் பத்திரமாய் இருந்தன. துன்பத்திலிருந்து கூப்பிடும் சங்கீதங்கள் இல்லை. வேலைக்காரர் எஜமானருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்னும் பவுலின் புத்தி இருந்தது. வெளிப்படுத்தின விசேஷமோ முதற் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நீக்கப்பட்டிருந்தது.

இதைச் சற்று நிதானித்துப் பார்த்தல் வேண்டும். மோட்சம் வெறும் அபினேயானால், அதை விற்பவன் தன்னிடமுள்ள சரக்கில் வீரியம் மிக்கதையன்றோ முதலில் கொடுத்திருப்பான்? மோட்சத்தின் வருணனை நிறைந்த புத்தகத்தை அடிமையின் கண்ணில் படாமல் ஒளிக்கவேண்டிய அவசியம் யாது? வெட்டியவர் மனத்தில் என்ன இருந்ததாயினும், வெட்டு விழுந்த இடங்கள் பேசுகின்றன. கூலி கொடாத கணக்கும், ஆள்விற்ற கணக்கும் தீர்க்கப்படும் மோட்சம் அடிமைக்கு ஆகாது. பொறுத்திருந்தால் கிடைக்கும் மோட்சம் ஆகும். இரண்டும் ஒரே பெயரால் வழங்கப்பட்டன.

போதித்தவர்களின் மோட்ச நம்பிக்கை அவர்களுடைய நடையை எவ்வாறு உருவாக்கியது என்பதையும் சொல்லாமல் விடலாகாது. பார்பேடோஸ் தீவில் காட்ரிங்டன் என்பவர் 1710-இல் இறந்தபோது தம் கரும்புத் தோட்டங்களை, சுவிசேஷத்தைப் பரப்பும் இங்கிலாந்துச் சங்கம் ஒன்றுக்கு எழுதிவைத்தார். தோட்டத்தோடு அடிமைகளும் சங்கத்தின் சொத்தாயினர். சங்கம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் அவர்கள் மார்பிற் சூடு போட்டனர். அந்தச் சங்கத்தார் ஞாயிறுதோறும் மோட்சத்தைப் பற்றிப் பேசினவர்கள்; அதை மெய்யாகவே நம்பினவர்கள் என்றே வைத்துக்கொள்வோம். நம்பிக்கை ஒரு புத்தகத்திலும் தோட்டக் கணக்கு மற்றொரு புத்தகத்திலும் இருந்தன. பின்னர் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தபோது, இழந்த சொத்துக்கு நஷ்டஈடாக அச்சங்கம் 8,000 பவுனுக்கு மேல் பெற்றுக்கொண்டது. சூடுபட்டவர்களுக்கு ஒரு காசும் இல்லை. இதற்காக இங்கிலாந்துத் திருச்சபை மன்னிப்புக் கேட்டது 2006-ஆம் ஆண்டிலேதான்.

இனி, இந்நாளில் கயானா என வழங்கும் தேசத்திலுள்ள டெமராராவுக்குப் போவோம். ஜான் ஸ்மித் என்னும் இளம் பாதிரியார் 1817-இல் லண்டன் மிஷன் சங்கத்தின் சார்பில் அங்கே சென்றார். அவர் வந்திறங்கியதும் கவர்னர் செய்த உபசாரம், அடிமை எவனுக்காவது எழுத்துக் கற்பித்தால் நாடு கடத்திவிடுவேன் என்னும் எச்சரிக்கையே. ஒரு தோட்டத்தின் நடுவேயிருந்த கோயிலில் ஸ்மித் பிரசங்கித்தார். காலையில் தம் காதில் முதலிற் படுவது சாட்டையின் ஓசை என்று நாட்குறிப்பில் எழுதினார். அந்நாட்குறிப்பில் வேறொரு குறிப்பும் உண்டு. ஆதியாகமத்தில் ஆபிரகாமுக்குக் கடவுள் ஒரு தேசத்தைத் தருவதாக வாக்களிக்கும் பகுதியை அடிமைகளுக்கு வாசிக்கும்போது தாம் விட்டுவிட்டதாகவும், அவர்கள் அதற்குத் தவறான பொருள் கொள்ளக்கூடுமென்று அஞ்சியதாகவும் அவர் எழுதியுள்ளார். பாருங்கள், அடிமைகளின் நண்பரான அவரும் கத்தரிக்கோலைக் கையில் எடுக்கவே செய்தார்!

மோட்ச நம்பிக்கை அங்கே அன்றாட வாழ்வைத் தொட்ட இடம் பெரிய தத்துவமன்று, ஞாயிற்றுக்கிழமைதான். வாரத்தில் ஆறு நாட்களும் துரைக்கு வேலை. ஞாயிறு ஒன்றே அடிமை தன் சிறு கொல்லையைக் கொத்திக் கிழங்கு நடவும், விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோகவும் கிடைத்த நாள். பாதிரியாரோ ஞாயிறு கர்த்தருடைய நாள், அன்று வேலையுஞ் சந்தையும் கூடாதென்றார். அப்படியானால் என் வயிற்றுக்கு நான் எப்பொழுது உழைப்பது என்று அடிமை கேட்டான். அதற்குப் பாதிரியாரிடம் விடையில்லை. துரையிடமே விடை இருக்கவேண்டும். வாரத்தில் இன்னொரு நாள் எங்களுக்கென்று கொடுக்க வேண்டும் என்னும் எண்ணம் இவ்விதமாகக் கோயிலிலிருந்து தோட்டத்துக்குள் நுழைந்தது. மறுமைக்கென்று ஒரு நாளை ஒதுக்கப் புறப்பட்டவர்கள் இம்மையின் ஆறு நாட்களையும் எண்ணிப் பார்க்கத் தொடங்கினர்.

அக்கோயிலின் டீக்கன்மாரில் மூத்தவர் குவாமினா என்னும் தச்சுவேலைக்கார அடிமை. அவர் மனைவி நோயுற்றுக் கிடந்தாள். பகலில் அவளருகே இருக்க அவருக்கு அனுமதியில்லை. ஒருநாள் இரவு வேலை முடிந்து திரும்பியபோது அவள் இறந்துகிடந்தாள். மோட்சத்தில் மறுபடியும் காண்பாய் என்பதைத் தவிர அம்மனிதருக்கு யார் என்ன சொல்லியிருக்க முடியும்? சீர்திருத்தம் பேசும் நாம் இத்தகைய ஆறுதலைக் கேலி செய்து பழகிவிட்டோம். குழந்தையைக் குழியிலிட்ட தாய், கல்லறைத் திருநாளன்று அந்த மேட்டின்மேல் மெழுகுவத்தி ஏற்றி வைக்கையில் அவளோடு தர்க்கம் புரிவது வீரமென்று எமக்குத் தோன்றவில்லை. எம்முடைய கேள்வி வேறு. அந்த ஆறுதல், மனைவியின் பக்கத்தில் இருக்கவிடாத துரையின் அதிகாரத்தைச் சரியென்று குவாமினாவை ஒப்பச் செய்ததா? செய்யவில்லை.

1823-இல் அடிமைகளை நடத்தும் முறையைச் சற்றே தளர்த்த வேண்டும், வயலில் சாட்டையைப் பயன்படுத்தலாகாது, பெண்களை அடிக்கலாகாது என்று லண்டனிலிருந்து ஆலோசனை வந்தது. கவர்னர் அதை உடனே வெளியிடவில்லை. செய்தி கசிந்தது, ராஜா கொடுத்த விடுதலையைத் துரைமார் மறைக்கின்றனர் என்று அடிமைகள் எண்ணினர். ஆகஸ்டு மாதம் பல ஆயிரம் பேர் கிளம்பினர். சிலர் விடுதலை கேட்டனர். சிலர் ஞாயிற்றுக்கிழமையும் அதனோடு வாரத்தில் சில நாட்களும் கேட்டனர். குவாமினாவின் மகன் ஜாக் முன்னின்று நடத்தினான். தந்தையோ இரத்தம் சிந்த வேண்டாம், வேலையை நிறுத்துவோம் என்றார். கிளம்பினவர்கள் பெரும்பாலும் துரைமாரைக் கொல்லாமல் தொழுமரத்தில் மாட்டி வைத்தனர். சிப்பாய்கள் வந்து நூற்றுக்கணக்கானவர்களைச் சுட்டனர். செப்டம்பரில் குவாமினாவையும் சுட்டு, அவர் வேலைசெய்த தோட்டத்தின் முன்னே பிணத்தைச் சங்கிலியில் தொங்கவிட்டனர். ஸ்மித்தை இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினர். மோசேயின் கதையை அவர் போதித்ததும் அவருக்கு எதிரான சாட்சியத்தில் இடம்பெற்றது. மரண தண்டனை விதிக்கப்பட்டு, ராஜாவின் மன்னிப்புக் கடிதம் கடல் தாண்டி வருமுன், 1824 பிப்ரவரி 6-ஆம் நாள் காசநோயாற் சிறையிலேயே மாண்டார். இருட்டோடிருட்டாக அடக்கஞ் செய்தனர். மனைவி பின்செல்லக் கூடாதென்று உத்தரவு.

எட்டாண்டுகள் கழித்து ஜமைக்காத் தீவில் இதுவே மீண்டும் நிகழ்ந்தது. சாமுவேல் ஷார்ப் என்னும் அடிமை பாப்திஸ்துச் சபையில் டீக்கன், எழுத்தறிந்தவர், முழு வேதத்தையும் தாமே வாசித்தவர். 1831-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்தபின், கூலி கொடுத்தாலன்றி வேலைக்குப் போவதில்லை என்று அவர் இரவுக் கூட்டங்களிற் சத்தியம் வாங்கினார். வேலைநிறுத்தமாகத் தொடங்கியது தீவைப்பாகவும் சண்டையாகவும் மாறிற்று. வெள்ளையரில் சுமார் 14 பேர் இறந்தனர். அதற்கு ஈடாக 300-க்கு மேற்பட்ட அடிமைகள் கொல்லப்பட்டனர். 1832 மே 23-ஆம் நாள் ஷார்ப் தூக்கிலிடப்பட்டார். அடிமையாய் உயிர்வாழ்வதைக் காட்டிலும் அத்தூக்குமரமே தமக்கு மேல் என்று அவர் சொன்னதாகச் சிறையில் அவரைக் கண்ட பாதிரியார் ஒருவர் குறித்திருக்கிறார்.

தோட்டத்தை நடத்தும் அதிகாரத்தின் அடிவேர் யாது? சாட்டைக்குப் பயப்படாதவனைச் சிறை அடக்கும். சிறைக்குப் பயப்படாதவனைச் சாவு அடக்கும். சாவுக்கு அப்பாலும் தனக்கு இடமுண்டென்று நம்புகிறவனிடம் அந்தக் கடைசி ஆயுதம் கூர் மழுங்கிப் போகிறது. இதை நாம் புகழுக்காகச் சொல்லவில்லை. இந்நம்பிக்கை எவ்வாறு வேலை செய்கிறது என்பதைச் சொல்கிறோம். இதே காரணத்தால் மூடத்தனமாக உயிரை விட்டவர்களும் உலகில் ஏராளம். ஜமைக்காவில் ஞானஸ்நானம் பெற்ற அடிமைகள் யாவரும் ஷார்ப்போடு சேர்ந்ததுமில்லை; துரையின் வீட்டைத் தீயினின்று காத்து நின்றவர்களும் அவர்களில் உண்டு. வெட்டிய வேதம் பலித்த இடங்களும் இருந்தன.

அடுத்த ஆண்டு, 1833-இல், அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் இங்கிலாந்தில் நிறைவேறியது. அதற்குப் பாடுபட்ட வில்பர்போர்ஸ் முதலானோர் மோட்சத்தையும் நியாயத்தீர்ப்பையும் தினந்தோறும் நினைத்து வாழ்ந்தவர்கள் என்பது உண்மை. மறுவுலகத்தை அதிகமாய் நினைத்தவர்களே இவ்வுலகத்துக்கு அதிகமாய்ச் செய்தனர் என்று சி. எஸ். லூயிஸ் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1952-இல் வெளியான தம் நூலில் வாதிட்டதற்கு இவர்களையும் சாட்சியாக வைத்தார். பாதி ஒப்புக்கொள்கிறோம். மார்பிற் சூடு போட்டவர்களும் மறுவுலகத்தை நினைத்தவர்களே அன்றோ! அச்சட்டம் துரைமாருக்கு நஷ்டஈடாக 2 கோடிப் பவுன் கொடுத்தது. விடுதலை பெற்றவர்களோ சம்பளமின்றி மேலுஞ் சில ஆண்டுகள் பழைய எஜமானருக்கே உழைக்கும்படி வைக்கப்பட்டனர். அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்த 1838-ஆம் ஆண்டிலேயே விட்பி, ஹெஸ்பெரஸ் என்னும் இரு கப்பல்கள் இந்தியக் கூலிகளை ஏற்றிக்கொண்டு அதே டெமராராவில் வந்து நின்றன. அவர்களை வரவழைக்க முயன்றவர்களில் முக்கியமானவர் ஜான் கிளாட்ஸ்டன். குவாமினாவின் பிணம் தொங்கிய தோட்டத்தின் சொந்தக்காரர். பின்னாளில் சென்னையிலிருந்து தமிழரும் அக்கரைக்குப் போயினர். நம் பாட்டன்மார் மலாய் நாட்டுக் கித்தாக் காடுகளுக்கு வந்த பாதையும் இதன் கிளையே.

இதைப் படிக்கும் இந்து அன்பர்கள் இது பிறர் வீட்டுக் குற்றமென்று மகிழ்ந்துவிட வேண்டாம். சேரியிற் பிறந்தவனுக்கு முற்பிறவிப் பயனையும், அடுத்த பிறவியில் வரப்போகும் உயர்வையும் உபதேசித்தவர்கள் நம்மவர்களே. அங்கே வேதத்தை வெட்டிக் கொடுத்தனர்; இங்கே வேதம் காதில் விழாமலே கதவைச் சாத்தினர். ஒருவகையில் அங்குள்ளவன் பாக்கியசாலி. வெட்டியதன் மிச்சம் வேறெங்கோ இருக்கிறதென்றாவது அவன் கேள்விப்பட முடிந்தது.

கிறிஸ்தவ சகோதரர்களை நாம் கேட்பது, நீங்கள் மோட்சத்தை விட்டுவிடுங்கள் என்பதன்று. உங்கள் பிள்ளைகளுக்கும், உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பெண்ணுக்கும், உங்கள் கடைச் சிப்பந்திக்கும் நீங்கள் சொல்லும் மோட்சம் எத்தனை அதிகாரம் கொண்டது என்பதே எம் கேள்வி. கோயில் ஆராதனை முடிந்து வெளியே வரும் எஜமான், மாதச் சம்பளத்தைப் பத்துநாள் தள்ளிப் போட்டுக் கொடுக்கையில், லாசரு வாசலிற் கிடந்த கதை அவர் நினைவுக்கு வருகிறதா? வருமாயின் அவருடைய மோட்சத்தைப் பற்றி எமக்கு ஆட்சேபணை இல்லை.

1807-இல் அச்சான அந்த வேத புத்தகத்தில் மிகச் சில பிரதிகளே எஞ்சியிருக்கின்றன. அவற்றுள் ஒன்று அமெரிக்காவில், டென்னசி மாகாணத்து நாஷ்வில் நகரிலுள்ள பிஸ்க் சர்வகலாசாலைக்குச் சொந்தம். அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிந்த மறு ஆண்டு, 1866-இல், விடுதலை பெற்றவர்களுக்குக் கல்வி கற்பிக்கத் திறக்கப்பட்ட பள்ளி அது. சில ஆண்டுகளில் பணமின்றி மூடும் நிலைக்கு வந்தது. 1871-இல் அங்கே படித்த இளைஞரும் பெண்களுமாக ஒரு சிறு குழுவினர் ஊர் ஊராய்ப் பாடிப் பணம் திரட்டப் புறப்பட்டனர். அவர்களில் அநேகர் அடிமைகளாய்ப் பிறந்தவர்கள். அவர்கள் பாடிப் பெயர்பெற்ற பாட்டுக்கள், தங்கள் தாய் தந்தையர் வயல்களிற் பாடிய மோட்சப் பாட்டுக்கள். யோர்தான் நதியைக் கடப்பதும், மேலிருந்து இரதம் வந்து அழைத்துப் போவதும் அவற்றின் பொருள். 1873-இல் இங்கிலாந்து சென்று விக்டோரியா ராணியின் முன்னும் பாடினர். அப்பாட்டுக்களால் சேர்ந்த பணத்தைக் கொண்டு நாஷ்விலில் ஒரு பெரிய செங்கற் கட்டிடம் எழுப்பினர். ஜூபிலி மண்டபம் என்று அதற்குப் பெயர். அது இன்றும் நிற்கிறது.